பதினொரு மணிக்குப் புறப்பட்ட சப்பரம்

மழை அபூர்வமான உம்புசால் ஊரில், வானம் அடியோடு பொய்த்துப்போன வருசங்களில்கூட கித்தேரியாவின் முன்வாசலில் கால் வைக்க இடம் இருக்காது. அடி ஓட்டையான குண்டான், காது போன வாளி, படம் தெரியாமல் போன டிவிப் பெட்டியின் கூடு, அவள் புருசன் அப்தியாஸ் கல்யாணத்துக்குப் போட்ட பூட்ஸ் என்று எதையும் தூரப் போடமாட்டாள். எல்லாவற்றிலும் ஆற்று மணலை நிரப்பி, கொஞ்சம் ஆட்டுப் புழுக்கையைத் தூவி, பதினொரு மணிப் பூவை ஒடித்து நட்டுவிடுவாள். மற்ற வீடுகளில் கள்ளியும் ஜுவா மரமும், அங்கங்கே ஒரு டப்பாவில் ஏதோ ஒரு பச்சைக் கொத்தும்தான் தெரியும். இங்கே மஞ்சள், ரோஸ், ஆரஞ்சு, வெள்ளை எல்லாம் தரையோடு தரையாகப் படர்ந்து கிடக்கும்.

அந்தப் பூவுக்கு ஒரு குணம் உண்டு. வெயில் உச்சந்தலையைச் சுடுகிற நேரத்தில்தான் கண் திறக்கும். பிற்பகல் சாய்ந்ததும் இறுக மூடிக்கொள்ளும். மேகம் கட்டினால் அன்றைக்குத் திறக்கவே யோசிக்கும். தண்ணீர் ஊற்றிச் செல்லம் கொடுத்தால் அழுகிப் போகும். கித்தேரியா இலையைத் தொட்டுப் பார்ப்பாள். குண்டாக இருந்தால் விட்டுவிடுவாள். கொஞ்சம் சுருங்கினால்தான் ஒரு கை தண்ணீர். "இது பட்டினி கிடந்து பூக்குற சாதி, நம்மளப் போல" என்பாள்.

அவள் பள்ளிக்கூடத்துச் சமையல்காரி. காலையில் போனால் பிள்ளைகளுக்குச் சோறும் பயறும் போட்டு, அண்டாவைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு வெயில் தாழத்தான் வீட்டுக்கு வருவாள். தன் பூக்கள் விரிந்திருப்பதை அவள் பார்ப்பது சனி, ஞாயிறுகளில் மட்டும்தான். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து ஓட்டமும் நடையுமாக வருவாள். முக்காட்டுத் துணியைக்கூட எடுக்காமல் வாசற்படியில் உட்கார்ந்து காப்பி குடித்துக்கொண்டே பார்த்துக்கொண்டிருப்பாள். அதுவும் அவளுக்கு ஒரு செபம் மாதிரித்தான்.

உம்புசாலில் இன்னொரு வழக்கமும் உண்டு. கேட்டு வாங்கிய கொப்பு வேர் பிடிக்காது, தெரியாமல் ஒடித்த கொப்புதான் பிடிக்கும் என்று எல்லாரும் நம்புகிறார்கள். அதனால் யாராவது வீட்டுக்கு வந்து பூவையே பார்த்துக்கொண்டு நின்றால் கித்தேரியாவுக்குப் புரிந்துவிடும். "உக்காருங்க, காப்பி போட்டுக் கொண்டாரேன்" என்று உள்ளே போவாள். போட்டு வைத்த காப்பி அடுப்பிலேயே சூடாக இருக்கும். இருந்தாலும் அங்கே நின்று ஒரு அருள்நிறை மந்திரம் சொல்லி முடிப்பாள். பிறகு வாசலுக்கு வருமுன் நன்றாகக் கேட்கும்படி ஒரு இருமல் இருமுவாள். வந்தவர் அதற்குள் சட்டைப் பையிலோ ரவிக்கைக்குள்ளோ கொப்பைச் செருகிக்கொண்டு, ஒன்றும் அறியாதவர் போல மழையைப் பற்றிப் பேசுவார். யார் எதை எடுத்தார்கள் என்று அவள் திரும்பிப் பார்த்ததே இல்லை. பார்த்தால் அது திருட்டு ஆகிவிடும், பார்க்காவிட்டால் தானம் என்பது அவள் கணக்கு.

அப்தியாஸின் பழைய பூட்ஸில் மட்டும் ஒருநாள் தானாக ஒரு புதுப் பூ வந்தது. வெள்ளை இதழில் சிவப்புக் கீறல், யாரோ குங்குமத்தைத் தொட்டு விரலால் இழுத்த மாதிரி. அந்த வட்டாரத்தில் யாரிடமும் அப்படிப் பூ கிடையாது. அது பூத்த வருசம் கித்தேரியா வீட்டுக்குக் காப்பி குடிக்க வந்தவர்கள் கொஞ்ச நஞ்சமில்லை. அவளுக்கும் இருமி இருமித் தொண்டை கரகரத்துப் போனது.

அப்தியாஸ் முடி திருத்துகிறவர். ஊரில் அவர் கை படாத தலை இல்லை. அப்படிப்பட்டவருக்குக் கண்ணில் புரை விழுந்தது. முதலில் யாரிடமும் சொல்லவில்லை. விரலால் தடவியே வேலையை ஓட்டினார். கோவில்பிள்ளை ஜெர்வாசியோவின் ஒரு பக்கத்துப் புருவத்தை மீசை என்று நினைத்து வழித்து எடுத்த பிறகுதான் விசயம் வெளியே வந்தது. பெருவிழாப் பூசையில் ஒற்றைப் புருவத்தோடு மணியடித்த ஜெர்வாசியோவைப் பார்த்து ஊரே சிரிப்பை அடக்க முடியாமல் தவித்தது. அப்தியாஸும் சிரித்தார். ஆனால் வீட்டுக்கு வந்ததும் கத்திரியைத் துணியில் சுற்றிப் பெட்டிக்குள் வைத்துவிட்டு, சுவரைப் பார்த்து உட்கார்ந்துவிட்டார். அன்றைக்கு இரவு அவர் சாப்பிடவில்லை.

நகரத்து ஆஸ்பத்திரியில் புரையை எடுக்க நாள் கிடைத்தது. அழைத்துப்போக வேன் வந்து வாசலில் நின்றபோது மணி பதினொன்று. அன்று கித்தேரியா லீவு போட்டிருந்தாள். அப்தியாஸ் தடவித் தடவி வேனில் ஏறினார். வாசல் முழுக்கப் பூ விரிந்து கிடந்தது. அவர் அதைப் பார்க்காமலே போகிறார். அந்த இடத்திலேயே, பூக்களுக்கு நடுவில், கண்களுக்குக் காவலான லூசியம்மாளிடம் வாய்விட்டு நேர்ச்சை நேர்ந்தாள்.

"லூசியம்மா, இந்த மனுசனுக்குப் பார்வையைத் திருப்பிக் குடு. உன் திருநாளுக்கு உன் சப்பரத்தை என் வாசப் பூவால சோடிக்கிறேன். காகிதப் பூ இல்ல, உசுருள்ள பூ. எல்லாம் விரிஞ்சு நிக்கணும். அவரே முன்கொம்பு தூக்குவாரு."

பார்வை வந்தது. கட்டைப் பிரித்த அன்று அப்தியாஸ் மனைவியின் முகத்தை நெடுநேரம் பார்த்துவிட்டு, "ஏ மனுசி, நீ நான் நெனச்சதவிட ரொம்பக் கெழவியாயிட்டியே" என்றார். அவள் அழுதுகொண்டே அவர் தோளில் ஒரு அடி வைத்தாள்.

லூசியம்மாள் திருநாள் டிசம்பர் பதின்மூன்றில் வருகிறது. அதற்காக கித்தேரியா பள்ளிக்கூடத்தில் கழித்துப்போட்ட ரொட்டித் தட்டுகளைக் கேட்டு வாங்கி, மணல் பரப்பி, ஒவ்வொரு நிறத்திலும் கொப்பு ஒடித்து நட்டாள். வேரோடு அப்படியே சப்பரத்தில் வைத்தால் பூ வாடாது அல்லவா? தட்டுகளை நாள்தோறும் வெயிலுக்குத் திருப்பி வைத்தாள். மொட்டு தெரிய ஆரம்பித்தது. திருநாளுக்கு முந்தின ஒன்பது நாள் செபமான நவநாள் தொடங்கிய அன்று தட்டுகளை வந்து பார்த்த ஒசீத்தாதான் அதைக் கேட்டாள்.

ஒசீத்தா, கித்தேரியாவின் மகளுக்கு ஞானத்தாய். அந்த ஞானஸ்நானத்திலிருந்து இருவரும் ஒருத்தியை ஒருத்தி "கொமாத்ரே" என்றுதான் கூப்பிடுவார்கள். திருநாள் சப்பரத்தைக் காலங்காலமாகக் காகிதப் பூவால் சோடிப்பவள் ஒசீத்தாதான். மாதக்கணக்கில் உட்கார்ந்து மடித்து மடித்துச் செய்வாள். உயிருள்ள பூ மட்டும் அவளுக்குக் கைவராது. பாசத்தில் பாத்திரம் கழுவின தண்ணீரையெல்லாம் ஊற்றிக் கொன்றுவிடுவாள்.

"எல்லாம் சரி கொமாத்ரே, சப்பரம் எத்தனை மணிக்குக் கெளம்பும்?"

"எப்பவும் போல அஞ்சு மணிக்கு."

"உங்க பூ எத்தனை மணிக்குப் படுக்கப் போகும்?"

கித்தேரியா மண்வாரியைக் கீழே வைத்தாள். பூ விரிந்து நிற்கும் நேரத்தில், பூவைப் பார்த்துக்கொண்டே நேர்ந்த நேர்ச்சை. ஐந்து மணிக்கு அந்தப் பூ மென்று துப்பிய காகிதம் போலச் சுருண்டு கிடக்கும் என்பது இத்தனை வருசமாகப் பூ வளர்ப்பவளின் புத்திக்கு எட்டவே இல்லை. ஒசீத்தா சிரிக்கவில்லை. அதுதான் இன்னும் வலித்தது.

அடுத்த சில நாட்கள் அவள் செய்யாத வித்தை இல்லை. ஒரு தட்டுக்கு மேலே பெரிய பல்பைத் தொங்கவிட்டுப் பார்த்தாள். பூச்சிதான் வந்தது. விரிந்த பூவைத் தட்டோடு பனிப்பெட்டிக்குள் வைத்தாள். மூடியதோடு நிற்காமல் கறுத்தும் போனது. மூடிய இதழை விரலால் பிரிக்கப் போனாள். கிழிந்தது. அப்தியாஸ் பின்னாலேயே நின்று, "கண்ணைத் தொறக்க வைக்கணும்னா நகரத்து டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போ" என்று கேலி பேசினார்.

கடைசியில் பங்குக் கோவில் அனிசேத்து சாமியாரிடம் போனாள். சாமியார் நல்ல மனுசர். நேர்ச்சையை வேறு நற்செயலாக மாற்றிக் கொடுக்கத் தமக்கு அதிகாரம் உண்டு, ஏழைகளுக்கு ஒருவேளைச் சோறு போட்டால் போதும், ஆண்டவர் மனசைத்தான் பார்க்கிறார் என்றார். கித்தேரியா தலை குனிந்து கேட்டுக்கொண்டாள். பிறகு மெதுவாகச் சொன்னாள்:

"நீங்க சொன்னா சரிதான் சாமி. ஆனா நான் வாக்குக் குடுத்தது அம்மாகிட்ட. நான் கேட்டத அவ முழுசா செஞ்சிட்டா. நான் மட்டும் எப்படி சாமி பாதி செய்யிறது?"

அவள் வீட்டுக்கு வந்து அடுப்பு மூட்டாமல் உட்கார்ந்திருந்தாள். அப்தியாஸ் பாலாடைக் கட்டியைத் தானே சுட்டு எடுத்து வந்து அவள் கையில் வைத்தார். இந்தத் தடவை அவர் கேலி பேசவில்லை.

"ஏ மனுசி, பூவுக்கு நேரத்த மாத்த ஒன்னால முடியாது. சப்பரத்துக்கு நேரத்த மாத்தக் கூடாதுன்னு எந்த வேதத்துல எழுதியிருக்கு? போய்க் கேளு."

"உச்சி வெயில்லயா? ஊரே என்னைத் திட்டும்."

"திட்டட்டும். முன்கொம்பு தூக்குறது நான்தான. நான் வெயிலப் பாக்காம ரெண்டு வருசம் கெடந்தவன்."

சாமியார் யோசித்துவிட்டு, ஊர்ச் சப்பரம் ஊர்தான் சொல்லணும் என்று விட்டுவிட்டார். நவநாள் செபம் முடிந்ததும் விசயத்தைச் சொல்லி, சம்மதிக்கிறவர்கள் கை தூக்கலாம் என்றார். கோவிலில் முணுமுணுப்பு எழுந்தது. வயசானவர்கள் மயங்கி விழுவார்கள் என்றார் ஒருவர். அந்த நேரத்தில் வாணம் விட்டால் யார் கண்ணுக்குத் தெரியும் என்றார் வாணக்காரர். ஒசீத்தா விசிறியை மடக்கிவிட்டு எழுந்தாள்.

"எங்க அம்மா காலத்துலயிருந்து சப்பரம் அஞ்சு மணிக்குத்தான். பூவுக்குத் தூக்கம் வருதுன்னு புனிதையப் பொசுக்கவா முடியும்?"

சிரிப்பு எழுந்தது. கித்தேரியா முதல் வரிசையில் முக்காட்டுத் துணியின் நுனியைக் கையில் சுருட்டிக்கொண்டு தரையைப் பார்த்திருந்தாள். போச்சு, எல்லாம் போச்சு என்று நினைத்தாள். சிரிப்பு ஓய்ந்ததும் ஒரு கை எழுந்தது. புருவம் வளர்ந்துவிட்ட ஜெர்வாசியோவின் கை. யாரையும் பார்க்காமல், கூரையைப் பார்த்துக்கொண்டு தூக்கினார். அடுத்து மருந்துக்கடைக்காரி. அப்புறம் குழல் ஊதுகிற கிழவர். அதற்குப் பிறகு இங்கே ஒன்று, அங்கே ஒன்று என்று கைகள் முளைத்துக்கொண்டே போயின. எல்லாரும் ஏதோ தப்புச் செய்த பிள்ளைகள் மாதிரி தலையைக் குனிந்துகொண்டு கையை மட்டும் தூக்கியிருந்தார்கள். இவ்வளவு பேருக்கு என் மேல் எதற்கு இந்தப் பிரியம் என்று கித்தேரியாவுக்கு விளங்கவே இல்லை. ஒசீத்தா கை தூக்கவில்லை. ஆனால் மறுபடியும் எழுந்து பேசவும் இல்லை.

திருநாள் காலையில் எழுந்து கதவைத் திறந்தால் வானம் முழுக்க மேகம்.

உம்புசாலில் லூசியம்மாள் திருநாளன்று மேகம் கூடினால் அதைவிடப் பெரிய சந்தோசம் கிடையாது. முந்தின ராத்திரி எல்லாரும் ஓட்டின் மேல் உப்புக்கல் வரிசையாக வைத்திருப்பார்கள். ஜனவரி தொடங்கி ஒரு கல்லுக்கு ஒரு மாதம். எந்தக் கல் கசிந்திருக்கிறதோ அந்த மாதம் மழை. அன்றைக்கு முதல் கல்லே கசிந்திருந்தது என்று தெருவில் ஆட்கள் கட்டிப்பிடித்துக்கொண்டார்கள். ஊரிலேயே ஒருத்திதான் மேகத்தைப் பார்த்து முகம் வாடி நின்றாள். வெயில் வேண்டும் என்று கேட்க அவளுக்கு நாக்கு கூசியது. குளம் வற்றி மாடுகள் எலும்பாகி நிற்கிற ஊரில், மேகம் விலகட்டும் என்று எப்படி வேண்டுவது?

நிழலில் வைத்தால் பூ திறக்காது என்று சப்பரத்தைக் கோவிலுக்கு வெளியே திடலில் வைத்திருந்தார்கள். தட்டுகளுக்கு நடுவில் லூசியம்மாளின் சிலை, கண்களுக்குக் காவல் என்பதன் அடையாளமாக இரண்டு கண்கள் வைத்த தட்டைக் கையில் ஏந்தி நின்றது. ஒசீத்தாவின் காகிதப் பூக்கள் நான்கு கொம்புகளையும் சுற்றியிருந்தன. அது கித்தேரியா போய்க் கேட்டுக்கொண்டது. கோவில் மணி பதினொன்று அடித்தது. மொட்டுகள் எல்லாம் சீவின பென்சில் மாதிரி கூர்மையாக மூடியே இருந்தன. ஜனங்கள் ஜுவா மரத்தடியில் உட்கார்ந்தார்கள். குழல்காரர்கள் ஒரு பாட்டை ஊதிவிட்டு நிறுத்தினார்கள். சாமியார் கடிகாரத்தைப் பார்த்தார், வானத்தைப் பார்த்தார், கித்தேரியாவை மட்டும் பார்க்கவில்லை.

அவள் சப்பரத்துக்கு முன்னால் மண்ணில் முழந்தாள் போட்டாள்.

"அம்மா, ஊருக்கு வேண்டியது மேகம். எனக்கு வேண்டியது என்னன்னு ஒனக்குத் தெரியும். நான் எதையும் கேக்கல. நீயே பாத்துக்க."

கண்ணை மூடிக்கொண்டு அருள்நிறை மந்திரம் சொன்னாள். எத்தனை சொன்னாள் என்று தெரியாது. கழுத்துப் பின்னால் சுள்ளென்று சுட்டது. திடலில் அவள் நிழல் விழுந்தது.

"பொறு, பொறு" என்றார் அப்தியாஸ். டாக்டர் கொடுத்த கறுப்புக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுத் தட்டுகளின் மேல் குனிந்தார். "இந்த மஞ்சள்காரி கண்ணு முழிக்கிறா."

ஜனங்கள் மரத்தடியை விட்டு எழுந்து வந்தார்கள். பூ விரிவதைத் தினமும் பார்க்கிறவர்கள்தான். ஆனால் நின்று பார்த்தது யாரும் இல்லை. மஞ்சளுக்குப் பின்னால் ரோஸ் நுனி பிரிந்தது, ஆரஞ்சு மெல்லச் சிலிர்த்தது. தூக்கிவைத்திருந்த பிள்ளைகளுக்குத் தாய்மார்கள் விரல் நீட்டிக் காட்டினார்கள். வாணக்காரர் தொப்பியைக் கழற்றிவிட்டார். கடைசியாக லூசியம்மாளின் காலடியில் இருந்த வெள்ளைப் பூக்கள் திறந்தன. ஒவ்வொன்றிலும் சிவப்புக் கீறல். அப்புறம் ஜெர்வாசியோ ஓடிப்போய் மணிக் கயிற்றைப் பிடித்துத் தொங்கினார்.

சப்பரம் கிளம்பியது. முன்கொம்பில் அப்தியாஸ். பின்னால் குடைகள், கறுப்பும் சிவப்புமாக, சிலருக்கு வாழையிலை, சிலருக்கு அரிசிச் சாக்கு. வேர்வையில் சாமியாரின் அங்கி முதுகோடு ஒட்டியது. யாரும் மயங்கி விழவில்லை. மேளக்காரர் வழக்கத்தைவிட வேகமாக அடித்தார். நிழலுக்குச் சீக்கிரம் போய்ச் சேரலாம் என்ற எண்ணமோ என்னவோ.

மருந்துக்கடைத் திருப்பத்தில்தான் அப்தியாஸ் முதலில் பார்த்தார். ஜன்னலுக்குக் கீழே ஒரு பெயின்ட் டப்பா. அதில் வெள்ளை, சிவப்புக் கீறல்.

"ஏ மனுசி" என்றார், குரலைத் தாழ்த்தத் தெரியாமல். "என் பூட்ஸ்ல பூத்தது இங்க என்ன பண்ணுது?"

கித்தேரியா நிமிர்ந்தாள். அடுத்த வீட்டுப் படியில் ஒரு உடைந்த பானை. அதிலும் அதே பூ. எதிர் வீட்டில், குழல்காரர் வீட்டு மதிலில், ஜெர்வாசியோவின் வாசலில் மல்லாத்தி வைத்த தலைக்கவசத்துக்குள், சாமியார் வீட்டுக் கொல்லைக் கதவோரத்தில்கூட. வேலைக்குப் போகும்போதும் வரும்போதும் இந்தத் தெருவில் எத்தனை வருசமாக நடக்கிறாள். அவள் நடக்கிற நேரத்தில் எல்லாம் மூடிக் கிடக்கும். மூடிக்கிடந்தால் எல்லாம் ஒரே பச்சைக் கொத்துதான். இப்போது தெரு முழுக்க ஒரே நேரத்தில் கண் திறந்து அவளையே பார்த்தது.

அப்தியாஸ் விடவில்லை. கிடைத்த பார்வையை வீணாக்குவாரா? வீட்டுக்கு வீடு பேர் சொல்லிக்கொண்டே நடந்தார். பேர் சொல்லப்பட்டவர்கள் குடையைத் தாழ்த்திக்கொண்டார்கள். பின்னால் சிரிப்புப் பரவி, செபமாலை சொல்லிக்கொண்டிருந்த கிழவிகள் வரைக்கும் வந்தது. சாமியார் வீடு வந்தபோது சாமியாரே, "அது எனக்கு முன்னால இருந்த சாமியார் வச்சதா இருக்கும்" என்றார். நவநாளில் எழுந்த கைகளுக்கெல்லாம் கித்தேரியாவுக்கு இப்போதுதான் அர்த்தம் விளங்கியது. சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் கண்ணைத் துடைத்துக்கொண்டே நடந்தாள். தன் வாசல் இவ்வளவு பெரியது என்று அவளுக்கு யாருமே சொன்னதில்லை.

கடைசித் தெருவில் ஒசீத்தாவின் வீடு. வாசலில் ஒன்றுமில்லை, துடைத்துவிட்ட மாதிரி இருந்தது. சப்பரத்துக்குப் பக்கத்தில் விசிறியோடு நடந்த ஒசீத்தா தன் வீட்டைப் பார்க்கவே இல்லை. ஆனால் அப்தியாஸின் புதுக் கண்கள் கூரை மேல் போயின. தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால், கைப்பிடி இல்லாத ஒரு பழைய குக்கரிலிருந்து வெள்ளைப் பூக்கள் விளிம்பு வழியாக வழிந்து தொங்கின. யார் கண்ணிலும் படாமல் மறைத்து வைத்ததால் தினமும் ஏறித் தண்ணீர் ஊற்ற முடியவில்லை போலும். அதனாலேயே ஊரிலேயே அதுதான் அதிகச் செழிப்பாக இருந்தது.

அப்தியாஸ் வாயைத் திறந்தார். கித்தேரியா பின்னாலிருந்து அவர் முதுகில் அழுத்தி ஒரு கிள்ளு கிள்ளினாள். பிறகு அந்தப் பக்கம் பார்க்காமல் எதிர்ப்புறம் முகத்தைத் திருப்பிக்கொண்டு, நன்றாகக் கேட்கும்படி ஒரு இருமல் இருமினாள்.

ஒசீத்தாவின் விசிறி நின்றது. வெயில் தகித்தது. மேலே மேகத்தின் கடைசித் துண்டும் மலைப்பக்கம் போய்க்கொண்டிருந்தது.

"வந்த மழைய உங்க பூவுக்காகத் தொரத்தி விட்டுட்டீங்க கொமாத்ரே" என்றாள் ஒசீத்தா.

"முதல் கல்லு கசிஞ்சிருக்கே. ஜனவரியில வரும்."

"வந்தாச் சரி." ஒசீத்தா விசிறியை மறுபடி வீச ஆரம்பித்தாள். இந்தத் தடவை காற்று கித்தேரியாவின் பக்கமும் வந்தது. "சப்பரம் எறங்குனதும் வீட்டுக்கு வாங்க. அந்த இருமலுக்கு வெல்லம் போட்டு எலுமிச்சந்தண்ணி தாரேன். பல வருசத்து இருமலு, லேசுல போகாது."